பிற காரணிகள்

குருமண்வெளித் துறையில் பாதை ஏறினேன்.
எங்கள் பக்கத்தில் தண்ணீரில் மிதப்பதற்குத்தான் பாதை என்று பேர்.
மூன்று மோட்டார் சைக்கிள், இரண்டு மூட்டை யூரியா,
மடியில் பெட்டியோடு நான்.

பெட்டிக்குள்
சிவப்பும் வெள்ளையுமாய் ஒன்பது கட்டை,
நிறுத்துகடிகாரம்,
யாரோ எப்போதோ தமிழாக்கிய கேள்விப் புத்தகம்.
நாற்பதாம் பக்கத்தில் இன்னும்
பனிமனிதனுக்கு மூக்கைக் காணவில்லை.

எழுவான்கரையில் இருநூறு பிள்ளைகளை அளந்தாயிற்று.
இனிப் படுவான்கரை.

பயிற்சிப் பட்டறையில் சொன்னார்கள்:
அறிவு ஒன்றே, எல்லாத் திறனுக்கும் அடியில் அதே ஊற்று.
இல்லை, ஏழெட்டு வாய்க்கால்,
ஒன்றின் தண்ணீர் மற்றதில் பாயாது.
பாதிக்கு மேல் இரத்தத்தில் வருவது என்றது ஒரு வரைபு.
தலைமுறைக்குத் தலைமுறை புள்ளி ஏறுகிறதே,
இரத்தம் அவ்வளவு வேகமாய் மாறுமா என்றது அடுத்தது.
எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன்.
மதியம் கோழிப் புரியாணி.

வெல்லாவெளிக்கும் அங்கால் ஒரு பள்ளிக்கூடம்.
விதுசிகன், வயது ஒன்பது.

"வீட்டுக்கு யன்னல் எதற்கு?"
காற்று, வெளிச்சம் என்றால் இரண்டு புள்ளி.
அவன் சொன்னான்:
"ஆனை எந்தப் பக்கம் நிக்குதெண்டு பாக்க."
பூச்சியம்.

"கலப்பையும் தோணியும் எதில் ஒன்று?"
ஒள்ளுப்பம் யோசித்தான்.
"ரெண்டுக்கும் ஆள் பின்னால நிக்கணும்."
கருவிகள் என்றால் இரண்டு,
மரத்தால் ஆனவை என்றால் ஒன்று.
ஆள் பின்னால் நிற்பதற்கு
புத்தகத்தில் ஒன்றும் இல்லை.

கட்டைகளை அடுக்கத் தொடங்கி
ஆறாவது கோலத்தில் கண் சொருகினான்.
கடிகாரம் ஓடியது. நிறுத்தக் கூடாது என்பது விதி.
கன்னம் மேசையில் பட்டபோதும்
ஒரு கட்டை கைக்குள்ளேயே இருந்தது.

"மூணு ராவா நித்திரை இல்ல மிஸ்,"
யன்னலுக்கு வெளியே நின்ற வகுப்புக்காரி டிலானுசா சொன்னாள்.
"நெல்லுக்கு வந்த ஆனை
அவங்கட குசினிச் சுவரத் தள்ளிப்போட்டுது.
மறுகா எல்லாரும் கோயில் மண்டபத்திலதான்."

கூட்டி, அட்டவணையில் தேடி,
வயதுக்குச் சரிசெய்து எழுதினேன்:
எழுபத்தொன்று.
நான் நேர்மையானவள்.

படிவத்தில் தாயின் கல்வி உண்டு,
பிறந்தபோது நிறை,
அயடின் உப்பா வெறும் உப்பா,
வீட்டில் எத்தனை புத்தகம்.
கடைசியில், பிற காரணிகள்,
அரை விரல் அகலம்.
பென்சிலால் எழுதினேன்: யானை.

நான் ஐந்தாம் ஆண்டுச் சோதனை எழுதிய காலைக்கு
அந்த அரை விரலும் இருக்கவில்லை.
வெட்டுப்புள்ளிக்கு நான்கு குறைவு.
"மூத்தவளுக்கு மூளை கொஞ்சம் மட்டு" என்று
கலியாண வீடுகளில் அப்பா சிரித்துக்கொண்டே சொல்வார்.
முந்தின இரவு கட்டிலுக்குக் கீழே கிடந்து
ஷெல்லுக்கும் ஷெல்லுக்கும் இடையை
விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஏழு, பதினொன்று, ஏழு, பதினொன்று.
அடுத்தது ஏழு என்று சொன்னேன்.
ஏழுதான்.
அப்பாவும் பக்கத்தில்தான் கிடந்தார்.

ஆறு வாரம் கழித்து மீண்டும் போனேன்.
மின்வேலி போட்டிருந்தார்கள்.
எண்பத்தொன்பது.
"அதே கட்டை, அதே கேள்வி. பழக்கம்" என்றார்
மேற்பார்வையாளர் செயரூபன்.
இருக்கலாம்.
பழக்கம் எத்தனை, நித்திரை எத்தனை, வேலி எத்தனை,
பிரித்து அடுக்க என்னிடம் கட்டை இல்லை.

யன்னல் கேள்விக்கு இந்த முறை
"காத்து, வெளிச்சம்" என்றான்.
யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.
இரண்டு புள்ளி போட்டேன்.
என்னவோ போலிருந்தது.

திரும்பும்போது, நடு ஆற்றில், மின்னஞ்சல்:
"வரிசை 214, பிற காரணிகள். தட்டச்சுப் பிழையா?
திருத்தி அனுப்பவும்."

பாதை ஒரு பக்கம் சரிகிறது,
கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ என்றார்கள்.
தள்ளி நின்றேன்.
சிக்னல் இல்லை என்று
நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.